கெஸ்டர்னிக் சாம்பர்: சேதராப்பட்டில் சில வருஷ அனுபவம்

கெஸ்டர்னிக் சாம்பர், அதாவது உலோகப் பூச்சு எவ்வளவு துரு தாங்கும் என்று கந்தக டையாக்சைடு வாயுவில் வைத்துப் பார்க்கும் சோதனைப் பெட்டி, வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஏசி ரூம் இருக்கா?" என்பதுதான். புதுச்சேரி பக்கம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மிஷின் விலையே.

காரணம், சோதனையின் பெரும்பகுதி மிஷினுக்குள் நடப்பதில்லை. 300 லிட்டர் பெட்டி, அடியில் 2 லிட்டர் காய்ச்சி வடித்த நீர், 0.2 லிட்டர் வாயு, 40 டிகிரி, 8 மணி நேரம். சாம்பிள் மேல் அமிலம் பனித்துளியாகப் படியும். அப்புறம் 16 மணி நேரம் திறந்துவைத்து உலர விட வேண்டும். அறை 18 முதல் 28 டிகிரிக்குள், ஈரப்பதம் 75 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சேதராப்பட்டில் சித்திரை வெயிலிலும் சரி, ஐப்பசி மழையிலும் சரி, இது தானாக அமையாது. ஒரே லாட் துத்தநாகப் பூச்சு போல்ட், மாசியில் ஒரு மாதிரி, அடைமழையில் வேறு மாதிரி துருப்பிடித்தது. பார்ட்டி மிஷினைச் சந்தேகப்பட்டார். சர்வீஸ் ஆள் வந்து சென்சாரை மாற்றிவிட்டுப் போனார். ஏசி போட்ட பிறகுதான் ரிசல்ட் ஒரு நிலைக்கு வந்தது.

பெட்டி, ஹீட்டர் இரண்டிலும் குறை சொல்ல எதுவுமில்லை. தொல்லை வாயு வால்வில்தான். ஈரம் பின்னேறி, உள்ளே அமிலமாகி, ஊசி இறுகிவிடும். வாயு விட்டு முடித்ததும் உலர்ந்த நைட்ரஜனைக் கொஞ்சம் ஓட விடுங்கள். பெட்டியின் உள்கூரை சாய்வையும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அங்கிருந்து ஒரு சொட்டு சாம்பிள் மேல் விழுந்தால் அந்த இடத்தில் தனித் தடம் விழும், அந்த சாம்பிள் போச்சு.

உள்ளே விடும் வாயு பத்து லட்சத்தில் சுமார் 670 பங்கு. 100 பங்கே உயிருக்கு ஆபத்தான அளவு. எக்சாஸ்டைக் காஸ்டிக் சோடாக் கரைசல் வழியாக வெளியேற்றிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் மூக்கு எரியும். ஏசியின் செம்புக் குழாயும் தப்பாது.

கடலூர் சிப்காட் பக்கமிருந்து கன்ட்ரோல் பேனல் கார்டுகளைக் கொண்டுவருபவர்களும் உண்டு. இது அதற்கான மிஷின் இல்லை, முரட்டு அடி. அவர்களுக்கு ஐஇசி 60068-2-60 என்ற சர்வதேசத் தரநிலை சொல்லும் கலப்பு வாயுச் சோதனைதான் சரி. அதன் நான்காம் முறையில் ஹைட்ரஜன் சல்பைடும் குளோரினும் நூறு கோடியில் வெறும் 10 பங்குதான். கந்தக டையாக்சைடும் நைட்ரஜன் டையாக்சைடும் 200 பங்கு. அந்த வசதி எங்களிடம் இல்லை, வேறு லேபுக்கு அனுப்பிவிடுகிறோம்.