மொட்டைமாடிக் காற்றுமானி: இரண்டு பருவமழைக்குப் பின்

மும்பை செம்பூரில் எங்கள் மொட்டைமாடியில் பொருத்திய கிண்ணக் காற்றுமானி, முதல் பருவமழையில் சீராகச் சுழன்றது. மறு ஆண்டு கடற்காற்றின் உப்பு பேரிங்கில் படிந்து கரகரக்கத் தொடங்க, பருவக்காற்றே வலுவிழந்துவிட்டதாக ஒரு வாரம் ஏமாந்தேன். இது சிறு குறையன்று: 1980 முதல் 2010 வரை உலகின் நிலப்பரப்புகளில் தரைக்காற்றின் வேகம் தணிந்து பின்னர் கூடியதாக ஆய்வுகள் காட்டியபோதும், கருவித் தேய்மானத்துக்கும் சுற்றிலும் எழுந்த கட்டடங்களுக்கும் அதில் எவ்வளவு பங்கு என்ற கேள்வி எழுந்தது. முறையான அளவீட்டுக்குத் திறந்தவெளியில் 10 மீட்டர் உயரம் வேண்டும். எங்களுக்கோ பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. அன்றாடக் காற்றின் வேகமறிய வாங்கலாம், ஆண்டுகளை ஒப்பிட வேண்டாம். பேரிங்கை மட்டும் தனியாகத் தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார்.