லாப்லாஸா, லோரென்ஸா: நாளையை எப்படி அணுகுவது?

நாளை என்ன நடக்கும் என்று தெரியாது என்பதில் யாருக்கும் சண்டையில்லை. ஏன் தெரியவில்லை என்று கேட்டால்தான் இரண்டு கட்சி: ஒன்று கணித மேதை லாப்லாஸுடையது, இன்னொன்று வானிலை ஆய்வாளர் லோரென்ஸுடையது. ஐப்பசி மழையில் வீட்டுக்கு மாடித் தளம் போட வேண்டி வந்தபோது நானும் ஒரு கட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. லோரென்ஸ் பக்கம் சாய்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

லாப்லாஸ் சொல்வது சுலபமாகப் புரியும். இந்தக் கணத்தில் உலகில் எது எங்கே இருக்கிறது, எந்த விசை அதை இயக்குகிறது என்று முழுக்கத் தெரிந்த ஓர் அறிவுக்கு எதிர்காலம் கண்முன் கிடக்கும் என்று 1814இல் எழுதினார் அந்தப் பிரெஞ்சுக் கணித மேதை. அதாவது, நம்மிடம் தகவல் போதவில்லை, அவ்வளவுதான். கிரகண நேரங்களும், ஹாலி வால்நட்சத்திரம் 2061இல் திரும்பும் என்ற கணக்கும் இந்த வழியில் கிடைத்தவை. அதில் மறுபேச்சே இல்லை.

லோரென்ஸ் அமெரிக்க வானிலை ஆய்வாளர். 1961இல் ஒரு வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டுவதற்காக, காகிதத்தில் அச்சாகியிருந்த 0.506 என்ற எண்ணைக் கணினியில் கொடுத்தார். முதல் ஓட்டத்தில் கணினிக்குள் இருந்ததோ 0.506127. கொஞ்ச தூரம் இரண்டு கணக்கும் ஒட்டியே போயின. அப்புறம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. விதிகளில் தற்செயல் துளியும் கிடையாது, ஆனாலும் கணிப்பு கைநழுவிவிட்டது.

என்னை முடிவெடுக்க வைத்தது செலவுக் கணக்கு. தொடக்க அளவீட்டில் இருக்கும் சின்னப் பிழை இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வையுங்கள். அளவீட்டை இரண்டு மடங்கு துல்லியமாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது இரண்டே நாள். ஆயிரம் மடங்கு துல்லியமாக்கினாலும் இருபது நாள்தான். நிஜ வானிலையில் அதுகூடக் கிடைப்பதில்லை. அன்றாட மழை வெயிலைச் சொல்வதற்குச் சுமார் இரண்டு வாரம்தான் எல்லை என்பது பொதுவான கருத்து. ஆக, தகவல் சேர்த்துக்கொண்டே போகிறவர் கொட்டும் உழைப்பு பெருகும், வரவு மட்டும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதைவிட, நாம் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சுருக்கிக்கொள்வது மலிவு.

மழையில்லாத தேதியாகப் பார்த்து முன்கூட்டியே குறித்துவிடலாம் என்றார் மேஸ்திரி. நான் தார்ப்பாய் வாங்கினேன். முதல்நாள் சாயங்காலம் வரை கான்கிரீட் வண்டியைத் தள்ளிப்போடலாம் என்றும் பேசி வைத்தேன். புதுக் கான்கிரீட் மழைக்குப் பயப்பட வேண்டியது இறுகும் வரைக்குமான முதல் சில மணி நேரம்தான். மறுநாள் பெய்தால் நல்லதுதான், எப்படியும் நாமே பாத்தி கட்டித் தண்ணீர் விட வேண்டும். மூன்று வாரத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்ற கேள்வியே எனக்குத் தேவைப்படவில்லை.

லோரென்ஸ் பக்கம் போனால் எதையும் சொல்ல முடியாது என்று அர்த்தமில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பதை நம்பித் திட்டமிடலாம். எந்தச் செவ்வாய்க்கிழமை கொட்டும் என்பதைத்தான் நம்பக் கூடாது. ஆனால் பிள்ளையின் படிப்பு, ஊர் மாறுவது மாதிரித் திருப்பிப் போட முடியாத முடிவுகளுக்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று உறுதியாகச் சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. அங்கே தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு.