ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி மூணு வருஷம்: கரண்ட் மிச்சம் யாருக்கு?

நான் கேபிள் டிவியும் நெட்டும் தரும் ஆபரேட்டர். பக்கத்து ஊர் ஆபரேட்டர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, செப்புக் கம்பி கோஆக்ஸை விட்டுட்டு கண்ணாடி இழை ஃபைபருக்குப் போனீங்களே, கரண்ட் செலவு நிஜமாவே குறைஞ்சுதா?"

குறைந்தது. எனக்கு.

முன்பு லைனில் சிக்னலைக் கூட்டிக் கொடுக்க 16 ஆம்ப்ளிஃபயர், ஒவ்வொன்றும் 15 வாட் போல. ராத்திரி பகலாக ஓடி மாதம் 170 யூனிட் தின்றன. ஒரு தெருவில் கரண்ட் போனால், அடுத்த தெருவில் கரண்ட் இருந்தும் நெட் வராது, படமும் வராது. இப்போது கண்ட்ரோல் ரூமில் ஓஎல்டியும் (ஃபைபரில் நெட்டை அனுப்பும் பெட்டி) டிவிக்கான இடிஎஃப்ஏவும் (டிவி ஒளியைக் கூட்டும் பெட்டி) சேர்ந்தே 70 வாட், மாதம் 50 யூனிட். வழியில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடி, அதற்குக் கரண்டே வேண்டாம். இடி இடித்த மறுநாள் காலை, கருகிய ஆம்ப்ளிஃபயரை மாற்ற ஏணியைத் தூக்காமல் நிதானமாக டீ குடிக்கிறேன் பாருங்கள், அந்தச் சுகமே தனி.

கடுப்பேற்றுவது ஓஎன்யூவுக்கு, அதாவது வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்கு, வரும் 12 வோல்ட் அடாப்டர். "நெட் விட்டு விட்டு வருது" என்பார்கள். போய் ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரை மாட்டினால் மைனஸ் 19 டிபிஎம், நல்ல அளவுதான், லைனில் ஒரு குறையும் இருக்காது. பெட்டிதான் அணைந்து அணைந்து எரியும். அடாப்டரைப் பிளந்தால் உள்ளே கெப்பாசிட்டரின் தலை பூரி மாதிரி உப்பியிருக்கும். இந்த வருஷம் 41 மாற்றியாயிற்று, எல்லாம் கைக்காசு. மிச்சம் பிடித்ததில் பாதி அதிலேயே போச்சு.

அப்புறம் மூணாவது தெருப் பாட்டி. அந்தக் காலத்தில் அந்தத் தெரு ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் அவர் வீட்டு மீட்டரிலிருந்துதான் கரண்ட். அதற்குப் பதிலாகக் கேபிள் இலவசம். இப்போது ஆம்ப்ளிஃபயர் இல்லை, அதனால் இலவசமும் இல்லை. ஆனால் டிவி மட்டும் பார்ப்பதற்கே ஓஎன்யூ எரிய வேண்டும். அது 6 வாட், இரண்டு மாதத்துக்கு 8 யூனிட்டுக்கு மேல். இலவச 100 யூனிட்டைத் தாண்டாமல் கணக்காக ஃபேன் போடுகிறவர் அவர்.

"கரண்டும் எங்க வீட்டுது, காசும் நானே குடுக்கணுமா தம்பி?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி பெட்டியை அணைத்துவிடுகிறார். நானும் கேட்பதில்லை.

யோசிக்காமல் ஃபைபருக்கு மாறுங்கள் என்றுதான் பக்கத்து ஊர் நண்பரிடம் சொன்னேன். நேற்று ஒரே நாளில் மூன்று அடாப்டர் புகைந்ததும், "இன்னும் ஒரு வருஷம் பொறுங்க" என்று மெசேஜ் போட்டுவிட்டேன்.