டி-ஜார்கனைசர்: ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் ஒரு இலவசக் கருவி

என் தங்கை மகள் முனைவர் பட்ட ஆராய்ச்சியில் இருக்கிறாள். நிலக்கடலை வேரில் குடியிருக்கும் பாக்டீரியாதான் அவள் பாடம். பொதுமக்களுக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் 300 சொல்லில் ஒரு சுருக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், அதை எழுதி எனக்கு அனுப்பினாள். 22 வருடம் பள்ளியில் அறிவியல் எடுத்தவள் நான், இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன். சொன்னதும், "இதுல என்ன பெரியம்மா புரியல, எல்லாம் சாதாரண வார்த்தைதானே" என்றாள். அவளுக்கு அது உண்மைதான். நான்கு வருடமாகக் காலையிலிருந்து இரவு வரை அந்தச் சொற்களோடுதான் பேசுகிறாள், அவளுக்கு அவை உப்பு, புளி மாதிரி ஆகிவிட்டன. எளிமையாக எழுது, எளிமையாக எழுது என்று எல்லோரும் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், எந்தச் சொல் இடறுகிறது என்று மட்டும் யாரும் காட்டவில்லை.

அப்படித் தேடும்போது கிடைத்ததுதான் டி-ஜார்கனைசர். ஆங்கிலக் கட்டுரையில் பொது வாசகருக்குப் புரியாத துறைச் சொற்களை, அதாவது ஜார்கனை, அடையாளம் காட்டும் இணையக் கருவி. இஸ்ரேலில் டெக்னியான் பல்கலைக்கழகம், ஹோலோன் தொழில்நுட்பக் கழகம் ஆகிய இரண்டு இடங்களையும் சேர்ந்தவர்கள் உருவாக்கியது, 2017இல் பிளாஸ் ஒன் என்ற ஆய்விதழில் இதைப் பற்றிய கட்டுரை வந்தது. காசு கிடையாது. கட்டுரையை வெட்டி ஒட்டினால் போதும், கோப்பாகவும் ஏற்றலாம். எல்லோரும் அறிந்த சொற்கள் கறுப்பிலும், நடுத்தரமானவை ஆரஞ்சிலும், அபூர்வமானவை சிவப்பிலும் வந்துவிடும். கூடவே பொது வாசகருக்கு இது எவ்வளவு ஏற்றது என்று ஒரு மதிப்பெண்ணும் தரும்.

எது அபூர்வம் என்று அது எப்படி முடிவு செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. பிபிசி தளத்தில் 2012 முதல் 2015 வரை வெளியான 9 கோடிக்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டி, ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணியிருக்கிறார்கள். 1000 முறைக்கு மேல் வந்தால் கறுப்பு, 50க்கும் கீழே என்றால் சிவப்பு. செய்தி படிக்கிற ஒருவர் கண்ணில் அந்தச் சொல் பட்டிருக்குமா என்பதுதான் கணக்கு, யாருடைய அபிப்பிராயமும் இல்லை. படிக்கிறவருக்கு நூற்றில் 98 சொல் தெரிந்திருந்தால்தான் கட்டுரை ஓடும் என்பது வாசிப்பு ஆய்வுகளில் சொல்லப்படும் அளவு. இவர்கள் பிளாஸ் இதழ்கள் இரண்டில் வந்த 5000 ஆய்வுச் சுருக்கங்களையும், அதே கட்டுரைகளுக்குப் பொது வாசகருக்காக எழுதிய சுருக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பொது வாசகருக்கென்றே எழுதியவற்றில் கடினச் சொல் குறைந்திருந்தது, ஆனாலும் அந்த அளவுக்குள் வரவில்லை. மக்களுக்காகத்தான் எழுதுகிறோம் என்று தெரிந்து உட்கார்ந்து எழுதியும் அப்படி என்றால், எங்கள் வீட்டுப் பெண்ணை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

அவளுடைய 300 சொல்லில் 36 சிவப்பு. பிராடிரைசோபியம், நாடுலேஷன், இனாகுலேஷன், டயசோட்ராஃப் என்று வரிசையாக. திரையைப் பார்த்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். நான் சொன்னபோது வாதாடியவள், நிறத்தைப் பார்த்ததும் தானே பேனாவை எடுத்தாள். இனாகுலேஷன் என்பதை எடுத்துவிட்டு, பாக்டீரியா பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைமேல் பூசி நிழலில் உலர்த்துவதை அப்படியே எழுதினாள். நாடுலேஷன் போய், வேரில் சின்னச் சின்ன முண்டுகள் வருவதும், அதற்குள் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பதும் வந்தது. கட்டுரை நீளமாகிவிட்டது, அதற்காக வேறு இரண்டு வாக்கியத்தை வெட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது முறை போட்டுப் பார்த்தபோது 7 சிவப்பு.

இனி குறைகள். முதலாவது பெரியது. பழக்கமான சொல்லை வேறு பொருளில் பயன்படுத்தினால் கருவிக்குத் தெரியாது. கல்ச்சர் என்று எழுதியிருந்தாள், ஆய்வகத் தட்டில் வளர்த்த பாக்டீரியாவைச் சொல்கிறாள், படிப்பவருக்குப் பண்பாடு என்றுதான் தோன்றும். கருவி அதைக் கறுப்பில் விட்டுவிட்டது. சிக்னிஃபிகண்ட் என்பதும் இப்படித்தான், புள்ளியியலில் தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று பொருள், ஊருக்கு முக்கியமானது என்று பொருள். சிவப்பாவது கண்ணில் படும், இந்தக் கறுப்புச் சொற்கள் தவறான பொருளையே வாசகர் மனதில் பதித்துவிட்டுப் போகும், அதனால் இவற்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். இதற்கு ஒரு ஆள் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.

அடுத்தது, பிபிசி வாசகரும் நம் ஊர் வாசகரும் ஒருவர் இல்லை. அரியலூர் சிவப்பு. பிரிஞ்சால் சிவப்பு, ராகியும் சிவப்பு. இவற்றை மாற்றாதே என்று சொல்லிவிட்டேன், இங்கே படிப்பவருக்கு அவை அன்றாடச் சொல். வாக்கியம் எவ்வளவு நீளம், சொல்லும் முறை கோர்வையாக இருக்கிறதா என்பதையும் இது பார்க்காது. மாற்றுச் சொல்லும் தராது. அப்-கோயர் ஃபைவ் என்று இன்னொரு கருவி இருக்கிறது, ஆங்கிலத்தில் மிகப் பழக்கமான 1000 சொல்லை மட்டும்தான் அது அனுமதிக்கும், ஆயிரம் என்ற சொல்லே அதில் கிடையாது. பயிற்சிக்கு நல்லது, வெளியிட எழுதும்போது கை கட்டிப் போட்ட மாதிரி இருக்கும்.

தமிழுக்கு இதைப் போட்டு ஒன்றும் ஆகாது, இது ஆங்கிலச் சொற்கணக்கு. தமிழில் ஒன்று வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை, ஆனால் சுலபம் இல்லை. மரம், மரத்தில், மரங்களிலிருந்து என்று வேற்றுமை உருபு ஏற ஏற ஒரே சொல் பத்து வடிவில் வரும், வெறுமனே எண்ணினால் பாதிச் சொற்கள் அபூர்வம் என்று சிவந்துவிடும். அதைவிடச் சிக்கல், எங்கள் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு நொதி தெரியும், ஒளிச்சேர்க்கை தெரியும். ஆங்கில வழியில் படித்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்சைம் என்றால்தான் புரிகிறது. ஒரே தெருவில் ஒருவருக்குக் கறுப்பு, இன்னொருவருக்குச் சிவப்பு. சரி, கருவி வரும்வரை என்ன செய்வது? அதே சுருக்கத்தைத் தமிழிலும் எழுதி, கடலை பயிரிடுகிற எங்கள் பெரியப்பாவிடம் அவள் படித்துக் காட்டினாள். இரண்டு இடத்தில் நிறுத்தி, "அது என்னம்மா?" என்று கேட்டார், அந்த இரண்டையும் திருத்தினோம்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கட்டாயம் பயன்படுத்துங்கள், ஐந்துக்கு நான்கு தருவேன். முதல் பிரதியை முழுவதும் எழுதி முடித்த பிறகு போடுங்கள், எழுதும்போதே திறந்து வைத்தால் ஒவ்வொரு சொல்லிலும் கை நின்றுவிடும். போனில் பார்ப்பதைவிடக் கணினித் திரையில் நிறம் தெளிவாகத் தெரிகிறது.