ஏடி8307 பவர் மீட்டர்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

ரேடியோ சிக்னலின் திறனை அளக்கும், ஏடி8307 சில்லு கொண்ட சிறிய பவர் மீட்டரின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 500 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை, ஏறத்தாழ 90 டெசிபல் (சிக்னல் திறன்களின் விகிதத்தைச் சொல்லும் மடக்கை அலகு) வீச்சு, சிக்னல் கூடும் ஒவ்வொரு டெசிபலுக்கும் 25 மில்லிவோல்ட் உயரும் வெளியீடு ஆகியவை அவருக்குத் தெரியும். அவற்றில் எனக்கும் குறையில்லை. பல ஆண்டுகளாக என் மேசையில் உழைக்கும் இந்த மீட்டர் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

ஆனால் அதன் திரை டெசிபலை இரண்டு தசம இலக்கங்களோடு காட்டுவதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. சில்லுக்குள் ஒவ்வொன்றும் 14.3 டெசிபல் பெருக்கம் கொண்ட ஆறு நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக உச்சவரம்பைத் தொடுவதால்தான் வெளியீட்டின் மடக்கை (லாகரிதம்) வளைவு உருவாகிறது. ஆகவே அந்த வளைவு நேர்கோட்டைச் சுற்றி டெசிபலின் சில பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அலைவது இயல்பு. மீட்டரைத் தயாரித்தவரோ இரண்டே புள்ளிகளில் அளவுத்திருத்தம் (தெரிந்த சிக்னலோடு ஒப்பிட்டுச் சரிசெய்தல்) செய்ய இடம் தந்திருக்கிறார். அப்புள்ளிகளில் ஒன்று அலையின் முகட்டில் அமைந்துவிட்டால், கோடு முழுவதுமே பிசகிவிடும்.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சிக்னல் ஜெனரேட்டருக்கும் மீட்டருக்கும் இடையில் ஒரு ஸ்டெப் அட்டெனுவேட்டரையும் (சிக்னலைப் படிப்படியாகக் குறைக்கும் கருவி), ரிலே என்னும் மின்சுவிட்ச் வழியாகப் பாதைக்குள் வந்து வெளியே போகும் 3 டெசிபல் பேட் (நிலையான அளவு குறைக்கும் மின்தடைச் சுற்று) ஒன்றையும், அதன் இருபுறமும் மின்மறுப்புப் பொருத்தத்தைக் காக்க நிலையான பேட்களையும் வைத்து, அளவை 1 டெசிபலாகக் குறைத்துக்கொண்டே ஒவ்வொரு இடத்திலும் ரிலேயை மாற்றிப் பார்க்க வேண்டும். பேடின் மதிப்பு துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை, மாறாமல் இருந்தால் போதும் என்பதே இம்முறையின் அழகு. வேறுபாடு எங்கும் 75 மில்லிவோல்ட்டாக இருக்க வேண்டிய இடத்தில், சில அளவுகளில் 70க்கு அருகிலும் சிலவற்றில் 80க்கு அருகிலும் நின்றது. 10 டெசிபல் தாவல்களில் மட்டும் சோதித்தால் இந்த அலைவின் உருவம் பிடிபடாது.

சோதிக்க இன்னொரு முறையும் உண்டு: சற்றே வேறுபட்ட அதிர்வெண் கொண்ட இரண்டு சம சிக்னல்களைச் சேர்த்து, திறன் இருமடங்காவதால் வரும் 3.01 டெசிபல் உயர்வைப் பார்ப்பது. அது, வெப்பத்தைக் கொண்டு சராசரித் திறனை உணரும் தெர்மிஸ்டர் சென்சாருக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. இந்தச் சில்லைப் போல மடக்கையின் சராசரியை எடுக்கும் டிடெக்டரில் (சிக்னலை உணரும் சுற்றில்) மெதுவான துடிப்பு கொண்ட அந்தக் கூட்டு சிக்னல், கணக்குப்படி, எந்த உயர்வையும் காட்டாது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். பொய்யான இலக்கத்தைக் காட்டும் திரைக்குக் காசு தர எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள் சில்லின் வெளியீட்டை நேரே வோல்ட்மீட்டரில் படித்து, 1 டெசிபல் இடைவெளியில் தாங்களே தயாரித்த திருத்த அட்டவணையைப் பயன்படுத்துவது நல்லது.