டீஎன்எஸ் சேர்வர் அப்கிரேட் செய்கிறோம் என்று வருகிறவர்களிடம் கவனம்

புறக்கோட்டையில் ஒரு கிளியரிங் கந்தோரில் வேலை செய்கிறேன். எங்கள் டொமைனுக்கும் உள்ளே இருக்கிற இருபது கொம்பியூட்டர்களுக்கும் சேர்த்து ஒரே டீஎன்எஸ் சேர்வர்தான், அதாவது டொமைன் பெயரைக் கேட்டால் அதன் முகவரி எண்ணைச் சொல்லுகிற சேர்வர். அதில் ஓடியது பைண்ட் என்ற டீஎன்எஸ் மென்பொருளின் 9.11. அந்தப் பதிப்புக்கு 2022 மார்ச்சோடு திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. மாற்றியே ஆகவேண்டும் என்று முதலாளியை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தது நான். அதனால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு ஆளைப் பிடித்தோம். 9.18க்கு ஏற்றுவது, வெளியாட்கள் பாவிக்காதபடி பூட்டுவது, இரண்டுக்கும் 45,000 ரூபா. ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டு, "பாருங்கோ அண்ணா" என்று தன் லெப்டொப்பிலிருந்து சேர்வரிடம் பதிப்பு என்னவென்று கேட்டுக் காட்டினார். 9.18 என்று பதில் வந்தது. முழுக் காசையும் எண்ணிக் கொடுத்தேன்.

மூன்றாம் கிழமை லைன் படுத்துவிட்டது. சுங்கத்துக்குப் போகவேண்டிய ஆவணங்கள் போகாமல், ஒரு கொள்கலன் துறைமுகத்தில் கிடந்து டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறியது. மறுநாள், உங்கள் முகவரியிலிருந்து தாக்குதல் போகிறது என்று இணைய இணைப்புத் தந்தவர்களின் எச்சரிக்கை. சேர்வருக்கு வந்த கேள்விகளின் லொக்கை (பதிவேட்டை) திறந்தேன். ஒரே டொமைன் பெயர், இருக்கிற பதிவு எல்லாவற்றையும் தா என்கிற ஒரே 'எனி' கேள்வி, ஒரே முகவரி. வரிகள் நிற்காமல் ஓடின. அந்த முகவரிக்காரர் எங்களிடம் எதையும் கேட்கவே இல்லை. யாரோ அவர் முகவரியைப் போட்டுக் கேட்கிறார்கள். அறுபது எழுபது பைட் கேள்விக்கு ஆயிரக்கணக்கான பைட் பதிலை எங்கள் சேர்வர் அவர் தலையில் கொட்டுகிறது. 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹவுஸ் என்ற ஸ்பாம் தடுப்பு அமைப்பை அடித்ததும் இப்படித் திறந்துகிடந்த சேர்வர்களை வைத்துத்தான்.

மருமகன் வந்து சேர்வரிலேயே, பைண்டின் பதிப்பைக் காட்டும் 'நேம்ட் -வி' கட்டளையை அடித்தான். "மாமா, இது இன்னும் 9.11தான்."

கொன்ஃபிக் கோப்பில் 'வேர்ஷன்' என்று ஒரு வரி, அதில் 9.18 என்று கையால் எழுதியிருந்தது. அங்கே எதை எழுதினாலும் சேர்வர் அதைத்தான் வெளியே சொல்லும். அன்று எனக்குக் காட்டியது அந்த வரியைத்தான்!

கீழே 'அலோ-கியூரி எனி', அதாவது யார் கேட்டாலும் பதில் சொல். பழைய கோப்பில் எங்கள் உள்வலையை மட்டும் குறித்து நான் வைத்திருந்த 'அலோ-ரிகேர்ஷன்' பட்டியலை, அதாவது மற்றவர்களின் டொமைன்களை யாருக்குத் தேடிக் கொடுக்கலாம் என்று சொல்லும் பட்டியலை, காணோம். அது இல்லாவிட்டால் பைண்ட் அலோ-கியூரியில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் எழுதாமல் விட்டிருந்தால்கூட உள்வலையோடு நின்றிருக்கும். பூட்டக் கூலி வாங்கிக்கொண்டு, இருந்த பூட்டையும் கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த ஆளுக்குப் போன் எடுத்தேன். "எனி போடாட்டி உங்கட வெப்சைட் திறக்காது அண்ணா" என்றார். சொந்த டொமைனைப் பற்றிய கேள்விக்கு அது சரி. ஊரார் டொமைன்களையும் தேடிக் கொடுக்க அது ஏன்? அதற்குப் பதில் இல்லை. திரும்ப வர இன்னும் 15,000 கேட்டார். பிறகு போனே எடுக்கவில்லை.

வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால், பதிப்பைச் சேர்வரின் திரையிலேயே பாருங்கள். பிறகு கந்தோர் வைஃபையை விட்டு, போன் டேட்டாவில் இணைத்த லெப்டொப்பிலிருந்து உங்கள் சேர்வரிடம் வேறு யாருடையதாவது டொமைனைக் கேளுங்கள். 'ரிஃபியூஸ்ட்' (மறுக்கப்பட்டது) என்று வரவேண்டும். முகவரி கிடைத்தால் சேர்வர் திறந்து கிடக்கிறது, காசைக் கொடுக்காதீர்கள்.

எங்களுடையதை மருமகன் இரண்டு இரவு இருந்து உண்மையாகவே 9.20க்கு மாற்றித் தந்தான். அந்த 45,000 இன்னும் வரவில்லை.