மழைக்கு முன் வைக்கோல் வாங்குகிறவர்களே, கட்டைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

வத்தளை, ஹெந்தளை, களனி, கொலன்னாவைப் பக்கங்களில் இரண்டு மூன்று மாடுகளை வைத்துப் பால் விற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒக்டோபர் மழை பிடிப்பதற்குள் வைக்கோலும் புண்ணாக்கும் சேர்த்துவைக்க எல்லோரும் அலைகிற நேரம் இது. தொலைபேசியில் படம் அனுப்பி, முற்பணம் வாங்கி, லொறியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும் ஒரு வியாபாரி இந்தப் பக்கம் சுற்றுகிறான். எங்களை ஏமாற்றிவிட்டான்.

"அக்கா, அனுராதபுரத்துச் சிறுபோக வைக்கோல். ஒரு துளி மழை படவில்லை" என்றுதான் பேச்சைத் தொடங்கினான். படத்தில் இருந்ததும் பொன்னிறமாகத்தான் இருந்தது. பகலில் வருவதாகச் சொன்ன லொறி இரவில், தூறலில் வந்து நின்றது. இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தி இறக்கினார்கள். எடைத் துண்டை நீட்டி மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். விலை கிலோக் கணக்கு என்பதைக் கவனியுங்கள்.

காலையில் கணவர் கட்டின் கயிற்றை அறுத்தார். மேல் வரிசைக் கட்டுகளில் ஒரு குறையும் இல்லை. அடுத்த வரிசையில் கையை உள்ளே விட்டால் சூடு. பிரித்ததும் வெள்ளைத் தூசி கிளம்பி மூக்கை அடைத்தது. தாள்களில் சாம்பல் நிறப் பூஞ்சணம். நடுப்பகுதி கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. வயலிலேயே நனைந்த வைக்கோலை அப்படியே கட்டிவிட்டு, நல்ல கட்டுகளை மேலே அடுக்கியிருக்கிறார்கள். தண்ணீருக்கும் சேர்த்துத்தான் எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய வைக்கோலைக் கட்டி அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும், உள்ளே சூடேறும், சில வேளை தீயும் பற்றும்.

தேங்காய்ப் புண்ணாக்குச் சாக்குகளிலும் இதே வேலை. ஒரு முனையில் ஆலைத் தையல், மறு முனையில் நீல நைலோன் நூலால் கைத்தையல். மேலே ஒரு சாண் அளவு நல்ல புண்ணாக்கு. அதற்குக் கீழே பச்சை பூத்த கட்டிகள்.

சினைப்பசு வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கறவைப்பசு புண்ணாக்கைத் தின்றது. பால் குறைந்தது, சாணம் இளகியது. மிருக வைத்தியர் வந்து இரண்டையும் நிறுத்தச் சொன்னார். பூஞ்சணம் பிடித்த தீனியால் சினைமாடு கன்று வீசிவிடக்கூடும் என்றார். புண்ணாக்கில் பூஞ்சணத்தால் உண்டாகும் அஃப்லடொக்சின் என்ற நஞ்சு ஓரிரு நாளிலேயே பாலில் இறங்கிவிடும், காய்ச்சினாலும் போகாது என்றும் சொன்னார். எங்களிடம் பால் வாங்கும் வீடுகளில் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள். அவர் சரி என்று சொல்லும்வரை கறந்த பாலையெல்லாம் மண்ணில் ஊற்றினோம். என் மனம் ஆறாதது இதற்காகத்தான். பணத்தை எப்படியாவது ஈடுகட்டிவிடலாம். குழந்தை குடிக்கும் பாலில் நஞ்சு கலக்கத் துணிகிறவனை என்னவென்று சொல்வது?

மழைக்காலத்தில்தான் புல் தாராளமாகக் கிடைக்கிறதே, வைக்கோல் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மழைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர். 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு ஒரு நாளைக்குத் தண்ணீர் நீங்கலாகப் பத்துப் பன்னிரண்டு கிலோ தீனி வேண்டும். அதை இளம் கினிப் புல்லிலிருந்து மட்டும் கொடுக்க அறுபது கிலோவுக்கு மேல் வெட்டிச் சுமக்க வேண்டும். களனி கங்கை பெருகினால் தாழ்நிலப் புல்லெல்லாம் சேறு. 2016 மே வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதனால் வைக்கோல் வாங்கத்தான் வேண்டும், ஆனால் பகலில் வாங்குங்கள். லொறியில் நிற்கும்போதே அடி வரிசையிலிருந்து ஒரு கட்டை இழுத்து அறுத்து, நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சூடோ புளித்த வாடையோ இருந்தால் இறக்கவே விடாதீர்கள். சாக்கின் இரு முனைத் தையலையும் பாருங்கள். கைத்தையல் இருந்தால் அங்கேயே பிரித்துக் கொட்டச் சொல்லுங்கள். வாங்கியதைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்கி, காற்றோட்டம் விட்டு, சாரல் படாமல் மூடுங்கள்.

நான் தொலைபேசியில் கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: "யூரியா தெளித்தால் சரியாகிவிடும்." நம்பாதீர்கள். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடிவைப்பது நல்ல வைக்கோலின் சத்தைக் கூட்டும் முறை. அழுகியதை அது திருத்தாது. அதன் பிறகு அவன் என் அழைப்பை எடுப்பதில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட்டிருக்கிறேன். அதே ஆளிடம் வாங்கியவர்கள் நீங்களும் முறையிடுங்கள். எடைத் துண்டு, அவன் அனுப்பிய படங்கள், பணம் போட்ட வங்கிச் சீட்டு எதையும் தொலைத்துவிடாதீர்கள். சாக்குகளை எரிக்காதீர்கள், தைத்த நூலோடு ஒன்றையாவது எடுத்துவையுங்கள்.